ஆறுதலான பதில்

பீலிக்ஸ் காலமான செய்தி பீலிக்ஸுக்கே தபாலில் வந்தது.

செவ்வாய்க்கிழமை பின்னேரம், கம்பித் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்து அவர் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, மனைவி பேர்பெச்சுவா அந்த உறையை நீட்டினாள். உள்ளே வெள்ளைப் பூப்போட்ட ஓர் அட்டை. பதினொரு கன்னியாஸ்திரிகள் அதில் கையெழுத்திட்டிருந்தார்கள்.

"எவ்லின், இதில என்ன எழுதியிருக்கு எண்டு ஒருக்கா வந்து பார் பிள்ளை."

மகள் சமையலறையிலிருந்து வந்தாள். பதினெட்டு வயது, ஆறடி ஒரு அங்குலம். உட்கார்ந்திருந்த தகப்பனின் கையிலிருந்து அட்டையை வாங்க அவள் நன்றாகக் குனிய வேண்டியிருந்தது. ஒருமுறை வாசித்தாள். இன்னொருமுறை வாசித்தாள்.

"அப்பா, நீங்கள் செத்துப்போனீங்களாம்."

"எப்ப?"

"திகதி போடேல்லை. ஆனா ஒரு ஞாயிறு உங்கட ஆன்மாவுக்காகப் பூசை வச்சிருக்கினம். கிழமை முழுக்கச் செபமாலையும் சொல்லினமாம்."

பேர்பெச்சுவா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்பதுபோலக் கணவரின் தோளைத் தொட்டுப் பார்த்தாள்.

அட்டை அமெரிக்காவிலிருந்து வந்திருந்தது. எவ்லின் ஜெர்மனியின் ஹம் நகரில் கழகமொன்றில் கூடைப்பந்து விளையாடுபவள். அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் விளையாடிக்கொண்டே படிக்க வேண்டும் என்பது அவளுடைய எண்ணம். அதற்கு முன் ஒரு வருடம் அங்கே ஆயத்தப் பள்ளி ஒன்றில் விளையாடினால்தான் கல்லூரிக்காரர்களின் கண்ணில் படலாம் என்று அவளுடைய பயிற்சியாளர் டீட்மார் சொல்லியிருந்தார். 2006ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இரண்டு பள்ளிகள் அவளுக்கு இடம் தரச் சம்மதித்தன. ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும்.

முதலாவது, கிறேலிங் அக்கடமி. வருடந்தோறும் மூன்று நான்கு பெண்களைக் கல்லூரி அணிகளுக்கு அனுப்பும் இடம். அதன் விளம்பரப் புத்தகத்தின் எட்டாம் பக்கத்தில் பையன்களும் பெண்களும் புல்வெளியில் சேர்ந்திருந்து சிரித்தார்கள். பீலிக்ஸ் ஒன்பதாம் பக்கத்துக்குப் போகவில்லை.

இரண்டாவது, சென் பிலோமினா. கன்னியாஸ்திரிகள் நடத்தும் பெண்கள் பள்ளி. சிற்றாலயமும் விடுதியும் சுற்றிவர உயரமான மதிலும் உண்டு. கூடைப்பந்து அணியும் உண்டு. போன வருடம் பதினெட்டு ஆட்டங்களில் இரண்டை வென்றிருந்தது. அதில் ஒன்றுக்கு எதிரணியின் பேருந்து பனியில் சிக்கி வந்து சேரவில்லை.

"அப்பா, அங்க போனால் ஒருத்தரும் என்னைப் பாக்க வரமாட்டினம்" என்று எவ்லின் சொல்லிப் பார்த்தாள்.

"அதுதான் பிள்ளை எனக்கும் வேணும்."

பீலிக்ஸ் பிடிவாதக்காரர் அல்ல. ஆனால் எண்பத்தைந்தாம் ஆண்டு தை மாதத்தில் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, மேற்கே வந்து சேர்ந்து, ரப்பர் செருப்போடு பனிக்குள் நின்றபோது, முன்பின் தெரியாத ஒரு கன்னியாஸ்திரி அவரைக் கூட்டிக்கொண்டுபோய்ச் சப்பாத்து வாங்கிக் கொடுத்தார். அளவு இரண்டு கூட. அன்றைக்கு அவர் ஒரு முடிவுக்கு வந்தார்: உலகத்தில் எந்த மூலையென்றாலும், கன்னியாஸ்திரி இருக்கிற இடத்தில் நம்பிப் பிள்ளையை விடலாம். இந்தக் கதையைச் சொல்லும்போது அவருடைய குரல் எப்போதும் கொஞ்சம் இடறும். அதற்கு எதிராக வாதாட எவ்லினால் முடியவில்லை.

பெற்றோரின் சம்மதம் பெற்றோரிடமிருந்தே கடிதமாக வர வேண்டும் என்று சென் பிலோமினா கேட்டிருந்தது. பீலிக்ஸுக்கு ஜெர்மன் கைவந்த மொழி. ஆங்கிலம் வராது.

"நான் எழுதட்டோ அப்பா?"

"தாய் தகப்பன்ர கடிதத்தைப் பிள்ளை எழுதுறதோ? அது கள்ள வேலை."

இரண்டு நாள் கழித்து எவ்லின் ஒரு தொலைபேசி எண்ணைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"டிரெஸ்டனில ஜெயச்சந்திரன் அங்கிள் எண்டு ஒருத்தர் இருக்கிறார். தமிழ்நாட்டு ஆள், கொம்பியூட்டர் எஞ்சினியர். அங்க விளையாடப் போனபோது பழக்கம். இங்கிலிஷ் நல்லா எழுதுவார். அவரிட்டச் சொல்லுங்கோ."

சொன்னார். அதன் பலன்தான் இப்போது பூப்போட்டு வந்திருந்தது. பீலிக்ஸ் சப்பாத்தை அப்படியே விட்டுவிட்டு டிரெஸ்டனுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"தம்பி, நீங்கள் அவையளுக்கு என்ன எழுதினீங்கள்?"

"நீங்க சொன்னதைத்தான் சார். இடத்தை ஏத்துக்கறோம், பீலிக்ஸ் குடும்பத்தார் உங்ககிட்டேர்ந்து ஆறுதலான பதிலை எதிர்பார்க்கிறாங்கன்னு."

"ஆறுதலா எண்டா மெதுவா, தம்பி! அவசரமில்லை, மெதுவாப் பதில் போடச் சொல்லி!"

"அடடா. எங்க ஊர்ல துக்க வீட்டுக்குத்தான் சார் ஆறுதல்."

"சரி, விடுங்கோ. நான் உயிரோட இருக்கிறன் எண்டு எழுதுங்கோ. அதோட, இது எங்களுக்கு ஒரே பிள்ளை, அவவை வடிவாப் பாக்கச் சொல்லுங்கோ."

"டன் சார். வொரி பண்ணாதீங்க, அந்த சிஸ்டர்கிட்டயும் போன்ல நான் நல்லா பேசிடறேன்."

ரிசீவரை வைத்தபோது பீலிக்ஸின் முகம் வெளிறியிருந்தது.

"இஞ்சரும், அந்தத் தம்பி சிஸ்டரை நல்லாப் பேசப் போறாராம்."

"ஐயோ, அவா என்ன பிழை செய்தவ?" என்றாள் பேர்பெச்சுவா. "பாவம், பூசையும் எல்லோ வச்சவா!"

"அவையளுக்குப் பேசுறது எண்டா கதைக்கிறது, அப்பா" என்றாள் எவ்லின். "ஏசுறது இல்லை."

பீலிக்ஸ் கொஞ்சம் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

அடுத்த பதில் மின்னஞ்சலில் வந்தது. எவ்லின் அதை அச்செடுத்து வந்து வாசித்தாள். திருவாளர் பீலிக்ஸ் உயிரோடிருப்பது அறிந்து பள்ளியில் எல்லோரும் மகிழ்ச்சியடைந்தார்களாம். ஆனால், மகளின் உடல் வடிவை நன்றாகக் கவனித்துப் பார்க்கும்படி ஒரு தகப்பன் கேட்டது பள்ளியின் எழுபது வருட வரலாற்றில் இதுவே முதல் தடவையாம். சென் பிலோமினா மாணவிகளை அழகு பார்த்துச் சேர்ப்பதில்லை. உடை ஒழுங்கு பற்றிய ஆறு பக்கங்கள் இணைக்கப்பட்டிருந்தன.

"நான் வடிவா எண்டு சொன்னது கவனமா எண்டு..." பீலிக்ஸ் கதிரையில் இருந்துவிட்டார். "என்னைப் பற்றி என்ன நினைச்சிருப்பினம்?"

"செத்தவராவே விட்டிருக்கலாம்" என்றாள் பேர்பெச்சுவா.

பீலிக்ஸ் அன்றிரவு சரியாக நித்திரை கொள்ளவில்லை. தான் ஒழுக்கமான தகப்பன் என்பதை எப்படியாவது அந்தச் சிஸ்டர்களுக்கு விளங்கப்படுத்த வேண்டும். மறுநாள் வேலையிடத்து இடைவேளையில் ஒரு துண்டுக் காகிதத்தில் ஒரேயொரு வசனம் எழுதி, மூன்று தரம் வெட்டித் திருத்தி, வீட்டுக்கு வந்து அதை டிரெஸ்டனுக்கு வாசித்தார்.

"தம்பி, கூட ஒண்டும் வேண்டாம். இதை மட்டும் கேளுங்கோ. பள்ளிக்கூட வளவுக்குள்ள பெடியள் கிடையாதுதானே? அவ்வளவுதான்."

"இவ்வளவுதானா சார்? பத்து நிமிஷத்துல அனுப்பிடறேன்."

மூன்று நாட்களில் பதில் வந்தது. இந்த முறை எவ்லின் வாசிக்க முன்பே தண்ணீர் கொண்டுவந்து தகப்பனுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"பீடி எண்டால் என்ன எண்டு அவையளுக்குத் தெரியேல்லையாம், அப்பா. நூலகத்தில ஒரு சிஸ்டர் அகராதி பாத்துச் சொன்னவவாம்."

"பீடியோ?"

"பள்ளிக்கூடத்துக்குள்ள பீடி கிடையாதா எண்டு கேட்டிருக்கிறீங்கள். கிடையாதாம். சிகரெட்டும் கிடையாதாம். எனக்கு ஒதுக்கின இடத்தை வருத்தத்தோட திருப்பி எடுக்கினமாம்."

பீலிக்ஸ் தொலைபேசியை எடுத்தார். ஜெயச்சந்திரன் மிகவும் மனம் வருந்தினார். "நீங்க பீடின்னுதானே சார் சொன்னீங்க? லைன்ல அப்படித்தான் கேட்டுது. பெடியள்னா பசங்களா? சத்தியமா தெரியாது சார்."

இனி இன்னொருவரை நம்பிப் பயனில்லை. மறுநாள் பின்னேரம் நாலு மணிக்கு, அமெரிக்காவில் காலையாக இருக்கும் நேரம் பார்த்து, பீலிக்ஸ் தானே பள்ளிக்கு எடுத்தார். அகராதி பார்த்து மூன்று ஆங்கில வசனங்களைப் பாடமாக்கியிருந்தார். நான் பீலிக்ஸ். நான் சாகவில்லை. நான் புகைப்பதில்லை. மூன்றையும் அதே வரிசையில் உரத்துச் சொன்னார். மறுமுனையிலிருந்த கன்னியாஸ்திரி, அவருக்காகத் தொடர்ந்து செபிப்பதாகச் சொல்லிவிட்டு மெல்லத் தொடர்பைத் துண்டித்தார்.

கிறேலிங்குக்குச் சம்மதம் சொல்ல வெள்ளிக்கிழமை கடைசி நாள். வியாழக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு பீலிக்ஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விளம்பரப் புத்தகத்தை எடுத்தார். எட்டாம் பக்கத்தைச் சட்டென்று புரட்டினார். ஒன்பதாம் பக்கத்தில், அந்தப் பள்ளியிலிருந்து கல்லூரிகளுக்குப் போன பெண்களின் படங்கள் வரிசையாக இருந்தன. எல்லோரும் நெடுப்பம். எல்லோரும் எவ்லினைப் போலவே தோளைக் கொஞ்சம் கூனிக்கொண்டு நின்றார்கள்.

"பிள்ளை, அங்க கிட்டடியில கோயில் இருக்கோ?"

"பதினைஞ்சு நிமிச நடை அப்பா. ஞாயிற்றுக்கிழமையில போவன்."

"இந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் ஒண்டும் எழுதத் தேவையில்லையோ?"

"இல்லை. கையெழுத்து மட்டும் காணும்."

பீலிக்ஸ் கையெழுத்து வைத்தார். எவ்லின் குனிந்து, கிட்டத்தட்ட இரண்டாக மடிந்து, தகப்பனைக் கட்டிப்பிடித்தாள். சென் பிலோமினா போனது கவலைதான். ஆனால் அந்தக் கவலை, மகள் பயிற்சிக்குப் புறப்பட்டு வாசல் கதவு சாத்தப்படும் வரைக்கும் கூட நீடிக்கவில்லை என்பது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

பாவம், அந்தத் தம்பி. வேலை வெட்டிக்கு நடுவில் முன்பின் காணாத ஒரு குடும்பத்துக்காக மினக்கெட்டவர். தான் கடைசியாகக் கொஞ்சம் சூடாகக் கதைத்ததும் பீலிக்ஸுக்கு உறுத்தியது. டிரெஸ்டனுக்கு எடுத்தார். ஒரு பெண் குரல் 'ஹலோ' என்றது.

"ஜெயச்சந்திரன் தம்பியின்ர மனிசியோ? நான் ஹம்மில இருந்து பீலிக்ஸ். எவ்லின்ர அப்பா. அவரில எனக்கு ஒரு கோவமும் இல்லை எண்டு சொல்லிவிடுங்கோ, தங்கச்சி. எங்கட யாழ்ப்பாணத் தமிழ் விளங்கேல்லை எண்டால் அவர் என்ன செய்யிறது?"

"விளங்காமலோ, அண்ணை?" என்று சிரித்தாள் ஜெயச்சந்திரனின் மனைவி குமுதினி. "நானும் உங்கட ஊர்ப்பக்கம், மானிப்பாய் எல்லோ, பத்து வருசமா இந்த வீட்டில இந்தத் தமிழ்தான், உங்கட எவ்லின் எழுதித் தந்த கடிதம் மூண்டையும் அவர் ஒரு சொல்லும் மாத்தாமல் அனுப்பினவர்."