கொம்பு ஒடிந்த மாடும் ஒரு பொருளாதார ஆய்வும்

முன்பின் தெரியாத ஒருவன் வாசலில் வந்து நின்று, "எத்தனை காணி நிலம், எத்தனை மாடு, கடன் கிடன் ஏதாவது உண்டா?" என்று கேட்டால், எங்கள் பக்கத்தில் அவன் மூன்று பேரில் ஒருவனாகத்தான் இருக்க முடியும். கடன் வசூலுக்கு வந்த பேங்க் ஆள், குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு ஆள் பிடிக்க வந்தவர், இல்லாவிட்டால் மாப்பிள்ளை. கட்டுரை எழுத வந்த மாணவன் என்று நாலாவதாக ஒரு ரகம் இருப்பதை அடி அண்ணாமலை கிராமத்தில் அன்றைக்கு ஒருவரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. பேங்க் ஆள் தோல் பையோடு வருவார். ஆபரேஷன்காரர் ஜீப்பில் வருவார். நான் சைக்கிளில், வெள்ளை முழுக்கைச் சட்டை போட்டு, நெற்றியில் எண்ணெய் வழிய, இரவல் வாட்ச் கட்டிக்கொண்டு போயிருந்தேன். மிச்சம் இருப்பது எது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. திருவண்ணாமலை தேரடித் தெருவில் ஒரு நோட்டுப் புத்தகக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே, அஞ்சல் வழியில் பி.ஏ. பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தேன். (படித்துக்கொண்டே இருந்தேன் என்பதுதான் சரி. அது முடிகிற மாதிரி தெரியவில்லை.) கல்லூரி வாசலை மிதிக்காதவனுக்குப் படிப்பின் மேல் வருகிற மோகம் இருக்கிறதே, அது புதுச் செருப்பு வாங்கினவன் நடை மாதிரி. காலைப் பார்த்துப் பார்த்து நடப்பானே தவிர, எதிரே வருகிற மாட்டைப் பார்க்க மாட்டான். வறுமை, வேலையின்மை, வரதட்சணைக் கொடுமை, மக்கள்தொகைப் பெருக்கம் என்று எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் "கிராமங்களே நாட்டின் முதுகெலும்பு" என்று ஆரம்பித்துப் பத்துப் பக்கம் எழுதுவேன். அந்தப் பத்துப் பக்கத்தில் ஒரு மனிதன் கூட இருக்க மாட்டான்.

வேலூரில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு எடுக்கிற வாத்தியார் ஒருநாள் என் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்தார். "முதுகெலும்பு முதுகெலும்புன்றியே, அதை ஒருநாளாவது தொட்டுப் பாத்திருக்கியாப்பா? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகாது. ஒரு கிராமத்துக்குப் போய் நாலு வீட்ல கேட்டு எழுதிகினு வா" என்றார். அப்படித்தான் மலை சுற்றுகிற பாதையில் சைக்கிளை மிதித்தேன்.

முதல் வீடு முனுசாமி என்பவருடையது. விதைக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் பேங்க் தெரிந்தது. நிலமா, ஏதோ ஒரு துண்டு இருக்கிறது, மழை இல்லை; கிணறு இருக்கிறது, தண்ணீர் இல்லை; மாடு இருந்தது, விற்றாகிவிட்டது; கடன் மட்டும் குறைவில்லாமல் இருக்கிறது என்றார். எனக்கோ பரம சந்தோஷம். தேடி வந்த வறுமை முதல் வீட்டிலேயே கிடைத்துவிட்டதே.

அடுத்த கேள்வி பிள்ளைகளைப் பற்றியது. மூத்தவன் கல்யாணமாகித் தனியாகப் போய்விட்டான், அப்புறம் ஒரு பெண் என்றார். நான் தலை நிமிராமல், பெண்ணுக்கு என்ன வயசு, எதுவரை படிப்பு, கல்யாணம் ஆகிவிட்டதா, வீட்டு வேலை தவிர வேறு என்ன வேலை தெரியும் என்று வரிசையாகக் கேட்டேன். உரித்துக்கொண்டிருந்த கை நின்றது.

"தம்பிக்கு எந்த ஊரு?" என்றார்.

சொன்னேன். அவருடைய இரண்டாவது கேள்வி என்ன என்று நம் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. (நான் தயாரித்த முப்பது கேள்விகளில் எதையும் அவ்வளவு நேக்காகக் கேட்கத் தெரியவில்லை எனக்கு.) என் அம்மா பிறந்த ஊரைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. உள்ளே பார்த்து, கலர் சோடா வாங்கி வரச் சொல்லிக் குரல் கொடுத்தார். பிறகு என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"முதல்ல சொன்னதை அடிச்சிடுங்க தம்பி. அது சும்மா வெளியாளுக்குச் சொல்றது."

அடித்தேன். நிலம் மூன்று காணியாக வளர்ந்தது. கிணற்றில் தண்ணீர் ஊறியது. கடன் வற்றியது. நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே, கொல்லைப் பக்கமிருந்து ஒரு செவலைப் பசு வந்து முளையில் கட்டப்பட்டது. வலது கொம்பு பாதியில் ஒடிந்த பசு. அதையும் எழுதிக்கொண்டேன்.

கலரைக் கொண்டு வந்து கொடுத்தது அந்தப் பெண்தான். பெயர் வசந்தா. பத்தாவது முடித்ததாகச் சொன்னாள். ஏன் மேலே படிக்கவில்லை என்று ஆராய்ச்சியாளர் தோரணையில் கேட்டேன்.

"நீங்க இன்னா படிக்கிறீங்க?" என்றாள்.

"பி.ஏ."

"எத்தனை வருஷமா?"

கேள்வி கேட்பது நான்தான் என்பதை அவளுக்கு நினைவூட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

அந்த ஊரைப் போல ஒத்துழைத்த ஊரை நான் பார்த்ததில்லை. சில வீடுகளில், "எங்க வீட்ல பொண்ணு இல்லீங்க, நாலாவது வீட்டுக்குப் போங்க" என்று அவர்களே வழிகாட்டினார்கள். கணக்கெடுப்பில் பெண்களின் நிலைக்கு இவ்வளவு முக்கியத்துவமா என்று எனக்குப் புல்லரித்தது. போன வீட்டிலெல்லாம் பவுனைச் சொன்னார்கள், பம்ப்செட்டைச் சொன்னார்கள். இரண்டாவது வீட்டில் ஒரு செவலைப் பசு நின்றது, வலது கொம்பு ஒடிந்தது. மூன்றாவது வீட்டிலும் ஒன்று, அதற்கும் வலது கொம்பு. வாத்தியாருக்கு எழுதிய கட்டுரையில், "இப்பகுதி மாடுகளுக்கு வலது கொம்பு பாதியோடு நின்றுவிடுவது இயல்பாகக் காணப்படுகிறது" என்று ஒரு வரி சேர்த்தேன். "அடி அண்ணாமலையில் வறுமை அறவே ஒழிந்துவிட்டது" என்று முடித்து, தபாலில் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

சில வாரம் கழித்து முனுசாமி கடைக்கு வந்தார். ஒரு பென்சில் கேட்டார். கொடுத்தேன். வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றார். கடையில் கூட்டம் குறைந்ததும், பென்சிலைப் பார்த்தபடி பேசினார்.

"புடிக்கலைன்னா புடிக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பலாமில்ல தம்பி."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் சொல்லச் சொல்ல விளங்கியது. விளங்க விளங்க எனக்கு வியர்த்தது. மற்ற வீடுகளில் பெண்ணை நான் பார்க்கவில்லை, தப்பித்தார்கள். அவர் வீட்டில் மட்டும் உட்கார்ந்து கலர் குடித்தேன், பெண்ணிடம் முகம் பார்த்துப் பேசினேன், எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனேன், திரும்பிப் போகவில்லை. "டவுன் பையன் வந்தான், பார்த்தான், வேணாம்னு பூட்டான். பொண்ணுகிட்ட இன்னா கொறையோ" என்று ஊரில் பேச்சு. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? செங்கத்திலிருந்து ஏறக்குறைய முடிவாகியிருந்த ஒரு நல்ல சம்பந்தம், இந்தப் பேச்சைக் கேட்டதிலிருந்து பதில் சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தது.

நான் வந்து ஊரைக் கூட்டி, அது கட்டுரைக்காக என்று சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"கட்டுரைக்கு எவனாவது பொண்ணு வயசு கேப்பானா தம்பி? எனக்கே இன்னும் நம்பிக்கை வரல."

அன்று சாயங்காலமே அவரோடு போனேன். அவர் மனைவி என் முகத்தையே பார்க்கவில்லை. இந்த முறை கலர் இல்லை, தண்ணீர்கூட இல்லை. ஆளுக்கொரு யோசனை சொல்லி எல்லாம் தோற்றபின், கதவோரம் நின்றிருந்த வசந்தாதான் வழி சொன்னாள்.

"அவரு என்னை வேணாம்னு சொன்னாருன்றதுதானே பேச்சு? முறையா தட்டோட வந்து கேக்கட்டும். நான் அவரை வேணாம்னு சொல்லிடறேன். கணக்கு நேராயிடும்."

ஆக, ஒரு மனிதன் ஊரறிய நிராகரிக்கப்படுவதற்காகவே வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், பூ எல்லாம் தன் காசில் வாங்க வேண்டியதாயிற்று. வேலியில் போன ஓணானைப் பிடித்து வேட்டியில் விட்டுக்கொண்ட கதை என்பார்களே, அந்த ஓணானுக்கு நான் பழமும் வாங்கிக்கொண்டு போனேன்.

அம்மாவிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. இது நாடகம், வேண்டாம் என்று சொல்வார்கள், நாம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்துவிட வேண்டும் என்று இரண்டு முறை சொன்னேன். "ஒரு பொண்ணு பேரை நீ கெடுத்துட்டு வந்திருக்கிற, நான் வராம யாரு வருவா" என்று பட்டுப்புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டார். நாடகத்துக்குப் பட்டு எதற்கு என்று அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாசலில் பாதி ஊர் நின்றது. முளையில் அந்தச் செவலைப் பசுவும் நின்றது. அது பக்கத்துத் தெரு பாப்பம்மாவுடைய மாடாம். பெண் பார்க்க யார் வந்தாலும் ஓட்டிவந்து கட்டிவிடுவாளாம், அன்றைக்கும் பழக்க தோஷத்தில் கட்டிவிட்டாள். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணம் பண்ணு என்கிற ஊரில், அந்த ஆயிரத்தில் ஒரு பொய் நாலு காலில் நின்று வைக்கோல் தின்றுகொண்டிருந்தது. அந்த ஒடிந்த கொம்பைப் பார்த்ததும் என் கட்டுரையின் மாட்டு வளம் முழுவதும் ஒரே மாடாகச் சுருங்கிப்போனது.

வசந்தா வந்து நின்றாள். தலை குனியவில்லை. வந்தவரை ஒன்றிரண்டு கேட்க வேண்டும் என்றாள். பிறகு என் கேள்விகளையே, நான் கேட்ட வரிசையிலேயே, என் குரலிலேயே ஆரம்பித்தாள்.

"சொந்த வீடா?"

"வாடகை."

"நெலம் எத்தனை காணி?"

"இல்ல."

"மாடு?"

கூட்டத்தில் ஒரு கிழவர், வேண்டுமானால் பாப்பம்மாவைக் கேட்டுப் பார்க்கலாம் என்றார். ஊரே சிரித்தது. பசுகூடத் தலையைத் தூக்கிப் பார்த்தது.

"கடன்?"

"கொஞ்சம் இருக்குது."

"படிப்பு?"

"பி.ஏ. படிச்சிகினு..."

"சரி, சரி" என்று நிறுத்தினாள். கணக்குக் கூட்டுகிறவள் மாதிரி ஒரு நிமிஷம் மேலே பார்த்தாள். "கையில கட்டியிருக்கிற வாட்ச்சாவது சொந்தமா?"

அது என் முப்பது கேள்விகளில் இல்லாத கேள்வி. (இரவல் வாட்ச் நின்றுபோய் மூன்று நாள் ஆகியிருந்தது என்பதை அவள் கவனித்துவிட்டாள் போலும்.) நான் சட்டைக் கையை இழுத்து வாட்ச்சை மூடினேன்.

"எனக்கு வேணாம்பா" என்றாள் தன் அப்பாவைப் பார்த்து.

அவ்வளவுதான், நாடகம் முடிந்தது, எழுந்து போக வேண்டியதுதான். நான் தலையை அழகாகத் தொங்கப் போட்டுக்கொண்டு எழுந்தேன். அம்மா எழவில்லை.

"ஏம்மா, எம் பையனுக்கு இன்னா கொறைச்சல்?" என்றார்.

அம்மா, அம்மா என்று நான் முழங்கையால் இடித்தேன். என் கையைத் தட்டிவிட்டார். பையனுக்குச் சாமர்த்தியம் கம்மிதான், ஆனால் கெட்ட பழக்கம் கிடையாது, சொன்ன பேச்சைக் கேட்பான் என்று என்னை விற்க ஆரம்பித்தார். நகை வேண்டாம், சீர் வேண்டாம் என்றார். வரதட்சணை ஒழிப்பைப் பற்றி நான் எழுதிய பத்துப் பக்கத்தில் இல்லாத தெளிவு அந்தப் பேச்சில் இருந்தது.

"இத்தனை பேர் நடுவுல நின்னு, இவனை ஒரு கேள்வி கேக்கற பொண்ணு எனக்கு எங்க கெடைப்பா? ஒரு பைசா வேணாம்மா. நீ மட்டும் வந்தா போதும்."

அம்மா நடிக்கவில்லை என்பது நாடகம் என்று தெரிந்த எங்களுக்கு விளங்கிவிட்டது. முனுசாமி என்னைப் பார்த்தார், நான் பசுவைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், கடன் என்ன என்று அவள் கேட்ட இடத்திலேயே, இவள் சரி என்று சொல்லிவிட்டால் நன்றாக இருக்குமே என்று எனக்கும் தோன்றத் தொடங்கியிருந்தது.

வசந்தா அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்காகன்னா இப்பவே வந்துடுவேம்மா. கூடவே அவரும் இருப்பாரே."

அம்மாவே சிரித்துவிட்டார். பிறகு ஊர் சிரித்த சிரிப்பு மலையின் அந்தப் பக்கம் கேட்டிருக்கும். தட்டிலிருந்த பூவை எடுத்து வசந்தாவின் தலையில் அம்மாவே வைத்துவிட்டார். திரும்பி வரும்போது இந்த முறை எனக்கு ஒரு கலர் கொடுத்து அனுப்பினார்கள்.

பேச்சு அன்று ராத்திரியே திசை மாறியது. "பி.ஏ. முடிச்ச டவுன் பையனையே வேணாம்னு சொன்ன பொண்ணு" என்று செங்கத்துக்குச் சேதி போயிற்று. (நான் பி.ஏ. முடித்துவிட்டதாக முதன்முதலில் அறிவித்தது செங்கம்தான். பல்கலைக்கழகத்துக்கு இன்னும் சில வருஷம் பிடித்தது.) அப்படிப்பட்ட பெண் நமக்குக் கிடைக்குமா என்று அவர்களே ஓடி வந்தார்கள். முனுசாமி கடைக்கு வந்து பத்திரிகை வைத்தார், பென்சில் வாங்கவில்லை. கல்யாணத்தில் என்னை மாப்பிள்ளையிடம், "இவருதான் அது" என்று அறிமுகம் செய்தார்கள். மாப்பிள்ளை எழுந்து நின்று என் கையைக் குலுக்கினார். நல்ல மனிதர்.

வாத்தியார் கட்டுரையை, "இந்த ஊரில் எனக்கு ஒரு வீடு பார்க்கவும்" என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பினார். மாட்டுக் கொம்பு வரிக்குக் கீழே மட்டும் சிவப்பு மையில் இரண்டு கோடு.

பிறகு எனக்கும் ஒருத்தி கழுத்தை நீட்டினாள். வந்த முதல் வாரத்திலேயே அம்மா அவளை உட்கார வைத்து இந்தக் கதையைச் சொல்லிவிட்டார். அதிலிருந்து நான் சாப்பாட்டில் உட்கார்ந்து, உப்பு ஏன் கம்மி, குழம்பு ஏன் நேற்றையது என்று இரண்டு கேள்வி சேர்ந்தாற்போல் கேட்டால் போதும், "கலர் வாங்கியாரட்டுமா?" என்பாள்.

என் மகளைப் பெண் பார்க்க வந்தபோது அந்த வீட்டுக்காரர்கள் கொஞ்சம் திகைத்துத்தான் போனார்கள். எங்கள் வீட்டு வழக்கம் இது, பெண்தான் முதலில் கேட்கும் என்று சொல்லிவிட்டேன். மகள் எதிரில் உட்கார்ந்து, சொந்த வீடா, கடன் உண்டா, படிப்பை முடித்தாயிற்றா என்று கேட்டாள். பையன் ஒவ்வொன்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னான். அவனுடைய அப்பா சிரித்துக்கொண்டே, வேண்டுமானால் ஊரில் எங்களுக்கு இரண்டு மாடுகூட இருக்கிறது என்றார்.

சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

"ரெண்டுக்கும் கொம்பு முழுசா இருக்குதான்னு கேளுடி."