இளைத்துப்போன விறகு

ஞாயிற்றுக்கிழமை பிறந்தால் போதும், ஹாரஃபெல் மலையடிவாரத்தில் கார் நிறுத்த இடம் கிடைக்காது. தேவாலயத்தில் பாதிரியார் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். ஊரின் பக்தியெல்லாம் உச்சிக் குடிலில் வாஃபிள் என்ற இனிப்பு அப்பம் சுடும் ஹால்வார் குருவிடம் போய்விட்டது.

அடிவாரத்தில் எடை பார்க்க வேண்டும். மலை ஏற வேண்டும். குரு மந்திரித்த வாஃபிளைப் பழக்கூழும் புளிப்புப் பாலாடையும் வழிய வழிய வயிறு முட்டத் தின்ன வேண்டும். பிறகு உச்சியில் மறுபடி எடை. மூன்று கிலோ மாயம்! இரண்டு எடைப்பொறியும் குரு வைத்தவை என்பதை யாரும் யோசிக்கவில்லை.

"வீட்டு எடைப்பொறிக்கு மலைக்காத்தோட மகிமை தெரியாது. தூக்கி எறிங்க" என்றார் குரு. எறிந்தார்கள். படித்தவர்கள் முதலில் எறிந்தார்கள்.

தூர்டிஸின் கணவன் ஐலிஃபும் எறிந்தான். அவனுக்கு நடுக்கடல் எண்ணெய்க் கிணற்றில் வேலை. எடை குறையாவிட்டால் ஹெலிகாப்டரில் ஏற்ற முடியாது என்று கம்பெனி மருத்துவர் சொல்லிவிட்டார். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை பரிசோதனை. தவறினால் வேலை அம்போ. அவனோ ஏறினான், பசித்தது, தின்றான். இன்னும் ஏறினான், இன்னும் பசித்தது, இன்னும் தின்றான். ஒருநாள் அவன் கால்சட்டைப் பொத்தான் தெறித்துப் பூனைமேல் விழுந்தது. தூர்டிஸ் அதைப் பொறுக்கி அவன் முன்னால் நீட்டினாள்.

"பொத்தான் பொய் சொல்லுமா ஐலிஃப்?"

"துணி சுருங்கிடுச்சுடி."

"அலமாரியில இருக்குற எல்லாத் துணியுமா?"

அடுத்த ஞாயிறு கொட்டும் மழையில் அவளும் கிளம்பினாள். மலையேறுகிறவர்கள் குடில் அடுப்புக்கு ஆளுக்கொரு பை விறகு சுமப்பது அங்கே வழக்கம். தூர்டிஸ் தன் பையை அடிவார எடைப்பொறியில் வைத்தாள். பன்னிரண்டு கிலோ.

"விறகுக்கும் தொப்பையா?" என்று கூட்டம் சிரித்தது.

உச்சியில் குரு வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். "வாம்மா, முதல்ல ஒரு வாஃபிள்!"

"முதல்ல இது" என்று அதே பையை எடைப்பொறியில் வைத்தாள். முள் ஒன்பதில் நின்றது.

"குருவே, கட்டையும் மூணு கிலோ இளைச்சிருச்சு! இது எத்தனை வாஃபிள் தின்னுச்சு?"

"அது... மலைக்காத்துல காஞ்சிருக்கும்..."

"இந்த மழையிலயா?" என்றான் சொட்டச் சொட்ட நனைந்த ஒருவன்.

ஐலிஃப் எடைப்பொறியைக் கவிழ்த்தான். அடியில் ஒரு திருகு. அதைத் திருப்பத் திருப்ப, முள் எல்லோருக்கும் தொப்பையைத் திருப்பித் தந்தது. குரு சமையலறை ஜன்னல் வழியே பாய்ந்தார். பாதி வெளியே போனார், மீதி போகவில்லை. சொந்த வாஃபிளை அவரும் தின்றவர்தானே! கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

ஐலிஃப் மட்டும் சிரிக்கவில்லை. "வர்ற வெள்ளிக்கிழமை என்னடி பண்றது?"

"உண்மையச் சொல்லி டாக்டர்கிட்ட தவணை கேளு. ஏறுறதை விடாதே. ஏறுனதுக்குக் கூலியா ரெண்டு மடங்கு தின்னியே, அதை விடு."

அவன் கையிலிருந்த வாஃபிளைத் தட்டில் வைத்தான். குருவை ஜன்னலிலிருந்து பிடுங்க ஆட்கள் வரிசையில் நின்றார்கள்.

நடந்தால் உடம்புக்கு நல்லது, பசியும் எடுக்கும். இது தெரிய குரு எதற்கு? மலையேறக் காலைக் கொண்டுபோன பெருமக்களே, மூளையை மட்டும் ஏன் காரிலேயே பூட்டிவிட்டுப் போனீர்கள்?