பீமன் நடந்த வரப்பு

"நாயை வெளியே கொண்டு போங்க சார்! போர்டு வெச்சிருக்கிறது கண்ணுக்குத் தெரியலே?"

நகராட்சிப் பூங்காக் காவலாளி போட்ட சத்தத்தில், நடைப் பயிற்சிக்கு வந்திருந்த அத்தனை பெரிய மனிதர்களும் திரும்பிப் பார்த்தார்கள். அனந்தநாராயணனுக்கு மானம் போயிற்று. அவர் கையிலிருந்த சங்கிலியின் மறுமுனையில், பீமன் அந்தப் போர்டுக்கு நேர் கீழே உட்கார்ந்து காதைச் சொறிந்துகொண்டிருந்தது.

பீமன் என்றதும் பயந்துவிட வேண்டாம். வெள்ளை வெளேரென்று ஒரு பொமரேனியன். மைத்துனன் பம்பாய்க்கு மாற்றலாகிப் போகும்போது, "ரெண்டு மாசம் பாத்துக்கோங்கோ" என்று விட்டுப் போனது. ரெண்டு வருஷம் ஆகிவிட்டது. தயிர் சாதம் தின்று தின்று தலையணை மாதிரி உப்பிவிட்டது. தினம் ஒரு மைல் நடக்க வைக்காவிட்டால் இதயம் நின்றுவிடும் என்று கால்நடை டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தெருவில் நடத்தலாமென்றால் தஞ்சாவூரில் முனைக்கு நாலு தெருநாய். பூங்காவில் இந்தக் கூத்து.

இது சின்னக் கவலை. பெரிய கவலை பூதலூரில் இருந்தது.

பூதலூர் ஸ்டேஷனிலிருந்து ஒரு மைலில், மனைவி அகிலாண்டத்துக்கு மஞ்சக்காணிச் சீதனமாக அவள் அப்பா எழுதி வைத்த இரண்டு ஏக்கர் நஞ்சை. பதினைந்து வருஷமாகக் கோவிந்தராசு என்பவர் குத்தகைக்குப் பயிர் செய்து, அளக்க வேண்டிய நெல்லை ஒழுங்காக வண்டியேற்றி அனுப்பி வந்தார். அனந்தநாராயணன் அந்த நிலத்தைக் கல்யாணமான புதிதில் ஒரு தடவை பார்த்ததோடு சரி; கோவிந்தராசுவைத் தவிர ஊரில் யாருக்கும் இவர் முகம் தெரியாது. நெல்லுக்கு வேர் மேலேயா கீழேயா என்று கேட்டால்கூட ஒரு நிமிஷம் யோசிப்பார். அச்சாபீஸில் புரூப் திருத்துகிறவருக்கு அது எதற்கு?

இப்போது புது ஆட்சியில் குத்தகைப் பதிவுச் சட்டம் வந்துவிட்டது. பயிர் செய்கிறவர் பெயர் பதிவேட்டில் ஏறிவிட்டால் அப்புறம் அவரை யாரும் அசைக்க முடியாது. கோவிந்தராசு மனுப் போட்டுவிட்டார். தை மாதம் விசாரணை.

"அவன் பேர் ஏறிடுத்துன்னா எங்கப்பா மூஞ்சியிலே நான் எப்படி முழிப்பேன்?" என்று அகிலாண்டம் மூக்கைச் சிந்தினாள்.

அனந்தநாராயணனுக்கும் அதே பயந்தான். மாமனார் அதிகம் பேச மாட்டார். தீபாவளிக்குப் போனால் ஊஞ்சலில் உட்கார்ந்து இவரை மேலும் கீழும் ஒரு பார்வை பார்ப்பார். அதற்கே இவர் திண்ணைக்கு நழுவிவிடுவார்.

வக்கீல் தியாகேசன் ஒரு வழி சொன்னார்.

"சொந்தச் சாகுபடின்னு சொல்லிடுவோம் சார். கோவிந்தராசு உங்க கூலியாள், அவ்வளவுதான். ஆனா தாசில்தார் ஊர்ல வந்து விசாரிப்பார். இன்னிலேருந்து தினமும் உங்க தலை அந்த வயல்ல தெரியணும்."

"வயல்ல போய் நான் என்ன பண்றது?"

"நடங்க. நாலு பேர் பார்க்கற மாதிரி நடங்க."

"சும்மா நடந்தா பைத்தியம்னு நினைக்க மாட்டாளா?"

அதற்கு வீட்டில் அகிலாண்டம் ஒரு வழி சொன்னாள். "பீமனைக் கூட்டிண்டு போங்கோ. அதுக்கு நடையாச்சு, நமக்கு நிலமாச்சு."

ஐப்பசி முதல் தேதி, ஆறு மணி பாசஞ்சரில் அனந்தநாராயணன் கால்சட்டையும் பூட்ஸுமாகக் கிளம்பினார். ரயில் கார்டு, நாய்க்கென்று உள்ள பெட்டியில் பீமனை அடைத்துவிட்டார். பூதலூர் வரும்வரை அது போட்ட ஊளையில் ஒரு கைக்குழந்தை கூடத் தூங்கவில்லை.

வரப்பைப் பார்த்ததும் பீமன் உட்கார்ந்துவிட்டது. ஒரு முழ அகலம், இரண்டு பக்கமும் சேறு. இழுத்தார், வரவில்லை. பிஸ்கட் காட்டினார், பிஸ்கட்டைத் தின்றுவிட்டு மறுபடியும் உட்கார்ந்தது. கடைசியில் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

களையெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர்களுக்கு முன்னால் நின்றவள் காத்தாயி. விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் அந்த ஊருக்கு அவள்தான் தலைவி. கூலி உயர்வு கேட்டு வயலில் செங்கொடி நட்டு, கேட்டதை வாங்கிவிட்டுத்தான் பிடுங்கியவள்.

"ஏங்க, நடக்கறது நாயா நீங்களா?" என்றாள்.

பெண்கள் சிரித்த சிரிப்பில் அனந்தநாராயணன் கால் தடுமாறி நண்டு வளையில் மிதித்தார். வரப்பு பொளக்கென்று உடைந்தது. இவர் வயல் தண்ணீரெல்லாம் பக்கத்து வயலுக்குப் பாய ஆரம்பித்தது. இவர் ஒரு பக்கம், பீமன் ஒரு பக்கம் சேற்றில் கிடந்தார்கள்.

மண்வெட்டியோடு கோவிந்தராசு ஓடிவந்து உடைப்பை அடைத்தார். இவரையும் தூக்கி நிறுத்தினார். திட்டப் போகிறார் என்று அனந்தநாராயணன் நினைத்தார். மனுப் போட்ட ஆளாயிற்றே.

"வாங்க வாங்க. என்ன இவ்வளவு தூரம்?"

"ஒண்ணுமில்லே... நாய்க்கு நடை... பட்டணத்திலே இடமில்லே..."

"அதுக்கென்ன, தாராளமா நடங்க. இந்த வரப்பு சரிப்படாது. வாய்க்கால் கரையில ஏறி, இலுப்பை மரம் வரைக்கும் போயி, களத்து வழியா திரும்புங்க. சரியா ஒரு மைலு வரும்" என்றார் கோவிந்தராசு. சொன்னதோடு நிற்காமல் அன்றைக்கே கரையோரத்து முள்ளையும் வெட்டிப் போட்டார். பீமனுக்குத் தனிப் பாதை கிடைத்துவிட்டது.

நாலாம் நாள் ரயில் கார்டு கையெடுத்துக் கும்பிட்டார். "சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும். இந்த நாயை இனிமே ஏத்தாதீங்க."

என்ன செய்வது? நாய் இல்லாமல் நடந்தால் பைத்தியம். நாயோடு வந்தால் ரயில் இல்லை. அதற்கும் கோவிந்தராசுதான் வழி சொன்னார்.

"இங்கேயே கெடக்கட்டுமே. நம்ம வீட்டுத் திண்ணையில சாக்கு போட்டுடறேன். நீங்க வந்து நடத்திட்டுப் போங்க."

அன்றிலிருந்து காலையில் ரயிலை விட்டு இறங்கியதும் அனந்தநாராயணன் நேரே கோவிந்தராசு வீட்டுக்குப் போவார். நாயைப் பிடித்துக்கொண்டு கரையில் நடப்பார். திரும்பி வந்து அதே வீட்டில் கட்டிவிட்டு எட்டரை ரயிலுக்கு ஓடுவார். கால்சட்டை சேற்றில் வீணானதால், வேட்டியை மடித்துக் கட்டித் தலையில் துண்டும் சுற்றிக்கொண்டார். இப்போது பார்த்தால் அசல் விவசாயிதான் என்று அவருக்கே தோன்றியது. கண்ணாடி முன்னால் இரண்டு தரம் நின்று பார்த்துக்கொண்டார்.

ஒரே ஒரு சங்கடம். கருவாட்டுக் குழம்பின் ருசி கண்ட பீமன் இவர் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. இவர் "வா" என்றால் படுத்துக்கொள்ளும். கோவிந்தராசு உள்ளேயிருந்து, "டேய், ஐயர்கூடப் போயிட்டு வா" என்று ஒரு குரல் கொடுத்தால்தான் எழுந்திருக்கும்.

"அங்கே என்ன போடறா குழந்தைக்கு?" என்று அகிலாண்டம் கேட்டாள்.

"தயிர் சாதந்தான்" என்றார் அனந்தநாராயணன், சுவரைப் பார்த்துக்கொண்டு.

ஊராரும் பழகிவிட்டார்கள். காத்தாயி வெற்றிலை போடும் நேரத்தில் கூப்பிட்டு இவருக்கும் இரண்டு வெற்றிலை கொடுப்பாள். "ஐயரே" என்றுதான் கூப்பிடுவாள். நிலத்துக்காரர் என்றால் வேறு மாதிரி கூப்பிடுவார்கள் என்று இவர் கேள்விப்பட்டிருந்தார். சரி, காலம் மாறிவிட்டது, புது ஆட்சி, புது மரியாதை என்று சமாதானம் செய்துகொண்டார். உள்ளபடிக்கு அவருக்கு அது பிடித்துத்தான் இருந்தது. அச்சாபீஸில் பதினெட்டு வருஷமாக யாரும் அவருக்கு ஒரு வெற்றிலை நீட்டியதில்லை.

கார்த்திகையில் ஒருநாள் புயல் மழை. குடை திருப்பிக்கொள்ள, நனைந்த கோழியாக நடந்து வந்தவரைக் காத்தாயி தன் வீட்டு வாசலிலிருந்து கூப்பிட்டு நிறுத்தினாள்.

"இந்த மழையிலயுமா ஐயரே? ஒருநாள் வராம இருந்தாத்தான் என்ன?"

"ஒரு நாள் தவறினாலும் போச்சும்மா."

"அவ்வளவு கெடுபிடியா?"

வக்கீலை நினைத்துக்கொண்டு அனந்தநாராயணன் பெருமூச்சு விட்டார். "கெடுபிடிதான். என்ன பண்றது, விட முடியுமா?"

"வீட்டுல புள்ளைங்க?"

"ரெண்டு பொண்."

காத்தாயிக்குக் கண் கலங்கிவிட்டது. "நீங்க கவலைப்படாதீங்க ஐயரே. நாங்க இருக்கோம்" என்றாள்.

அனந்தநாராயணன் அன்று ரயிலில் பறந்தார். நேரே வக்கீல் வீட்டில் இறங்கினார். "சார், சங்கத்துத் தலைவியே நம்ம சாட்சி! நிலத்து மேலே எனக்கு இருக்கற பிடிப்பைப் பாத்து அழுதுட்டா!"

தியாகேசன் மேஜையைத் தட்டினார். "அடி சக்கை! அவ சொன்னா தாசில்தார் மறுபேச்சுப் பேச மாட்டார். கேஸ் நம்ம பாக்கெட்டுல."

ஆனாலும் விசாரணைக்கு முந்தின நாள், கோவிந்தராசு பீமனுக்கு வெந்நீர் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது அனந்தநாராயணனுக்கு நெஞ்சு உறுத்தியது. இந்த மனுஷனைப் போய் நாளைக்குக் கூலியாள் என்று சொல்ல வேண்டுமே! வெட்கமாகத்தான் இருந்தது. மாமனாரின் ஊஞ்சலை நினைத்துக்கொண்டு மனசைக் கல்லாக்கிக்கொண்டார்.

தை பத்தாம் தேதி. இலுப்பை மரத்தடியில் பெஞ்சு போட்டுத் தாசில்தார் உட்கார்ந்தார். ஊரே கூடிவிட்டது.

"கோவிந்தராசு, உங்க சாட்சி யாரு?"

"நமக்குத் தனியா யாரும் இல்லைங்க. அவரு கூட்டிட்டு வர்ற சாட்சியே சொல்லட்டும்."

தியாகேசன் இவர் காதில், "பயந்துட்டான்" என்றார். பிறகு எழுந்து, "எங்க சாட்சி காத்தாயி" என்றார், கல்யாண மாப்பிள்ளையை அழைக்கிற குரலில்.

காத்தாயி முன்னால் வந்தாள். தாசில்தார் அனந்தநாராயணனைக் காட்டினார்.

"இவரைத் தெரியுமாம்மா?"

"நல்லாக் கேட்டீங்க! மூணு மாசமா தெனம் பாக்கறேன். இடி விழுந்தாலும் வருவாரு. விடிஞ்சா ரயிலு, எறங்குனா வயலு. ஒருநாள் குந்திப் பாத்ததில்ல."

"எழுதிக்குங்க சார், எழுதிக்குங்க" என்றார் தியாகேசன்.

"புயல்ல, ஊரே வீட்டுக்குள்ள முடங்கிக் கெடந்தப்ப, இவரு மட்டும் கரையில நடந்தாரு. பொய்யில்ல, எங்க ஆளுங்க அத்தனை பேரும் சொல்லுவாங்க."

கூட்டம் "ஆமாம், ஆமாம்" என்றது. அனந்தநாராயணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். வருகிற தீபாவளிக்கு ஊஞ்சலில் மாமனார் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடலாம் என்று தோன்றியது.

"சரி" என்று தாசில்தார் பேனாவை மைக்கூட்டில் நனைத்துக்கொண்டார். "அப்ப இவர் இங்கே யாரு? தெளிவாச் சொல்லு, அப்படியே எழுதிக்கிறேன்."

காத்தாயி மேடையில் பேசுகிற மாதிரி தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

"கோவிந்தராசு அண்ணன் நாய்க்கு நடை பழக்கற கூலியாளுங்க இவரு, பயிர் வெக்கிற அண்ணனை நிலத்தை விட்டு யாரும் எறக்கக் கூடாதுன்னு எழுதறீங்கல்ல, அப்படியே கீழ ஒரு வரி சேத்துக்குங்க, ரெண்டு பொண்ணு வெச்சிருக்கற இந்த ஐயரை அண்ணனும் எந்தக் காலத்துலயும் வேலைய விட்டு நிறுத்தக் கூடாது!"