வெட்டக்கூடாத இடம்

"இந்த ஒரு ஜீன் மட்டும் ஏம்மா அடம் பிடிக்குது?" என்றார் பேராசிரியர்.

ஆராய்ச்சி மாணவி திரையைப் பார்த்தாள். ஜீனின் நகலான ஆர்.என்.ஏ. என்னும் நீண்ட இழையில் வேண்டாத பகுதிகளை உடலின் செல் வெட்டி எறிந்து, மிச்சத்தை ஒட்டிக்கொள்ளும். இழை மடிந்து கிடக்கும் விதத்தை வைத்து, எங்கே வெட்டு விழும் என்று கணிப்பது அவள் எழுதிய கணினி நிரலின் வேலை. ஆய்வாளர்கள் வேதமாய்க் கொள்ளும் பொதுத் தரவுத்தளத்தோடு அது எங்கும் ஒத்துப்போயிற்று. இந்த ஜீனில் மட்டும், தரவுத்தளம் வெட்டு என்ற இடத்தில், நிரல் வெட்டாதே என்றது.

"அந்த இடம் மடிப்புக்குள்ள ஒளிஞ்சிருக்கு சார். கத்தியே நுழையாது."

"தரவுத்தளத்துல வெட்டுன்னு இருக்கு. அதுக்கு மேல நீ யாரும்மா? சரிபண்ணிட்டு வா. அப்பத்தான் ஆய்வேட்டுல கையெழுத்து."

மடிப்பு விதியைச் சற்றே தளர்த்தினாள். அந்த ஜீன் வழிக்கு வந்தது. ஒழுங்காயிருந்த பல ஜீன்கள் தடம் புரண்டன. அவற்றை நிமிர்த்த இன்னொரு விதியைச் சேர்த்தாள். நிரல் மிரண்டுபோய், கண்ட இடமெல்லாம் வெட்டச் சொன்னது. அதை அடக்க, சாத்தியமான மடிப்புகள் அனைத்தையும் கணக்கிடச் செய்தாள். துறையின் கணினிகள் யாவும் அதில் மூழ்கி, எழுந்திருக்க மறுத்தன.

"அக்கா, என் வேலை வரிசையில நிக்குது. உங்க ஜீன் எப்பக்கா நகரும்?" என்றான் பக்கத்து மேசைக்காரன்.

"நகராது. இனிமே நானும் நகர மாட்டேன்."

ஒட்டுப்போட்டதையெல்லாம் அழித்தாள், பழைய நிரலையே திரும்ப வைத்தாள். ஆய்வேட்டில் ஒரே வரி எழுதினாள்: 'இந்த ஜீனைப் பொறுத்தவரை, தரவுத்தளம் தவறு.'

பேராசிரியர் அதை இருமுறை படித்தார். "தான் பிடிச்ச முயலுக்கு மூணே காலுன்னு நிக்கிறியே. ஊர் உலகம் ஒரு பக்கம், நீ ஒரு பக்கமா?"

"இந்த ஒரு ஜீன்ல, ஆமா சார்."

"வர்ற வெளித்தேர்வாளரம்மா அந்தத் தரவுத்தளத்தையே கட்டி ஆள்றவங்க. அவங்க முகத்தைப் பார்த்துச் சொல்லுவியா?"

"சொல்லுவேன். கையெழுத்தை அதுக்கப்புறம் போடுங்க. இல்ல, போடாமலே விடுங்க."

வாய்மொழித் தேர்வு நாளில் சொன்னாள். தேர்வாளரின் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

"மன்னிச்சுக்கோங்க மேடம். எடுத்துச் சொன்னா ஏத்துக்கிற பொண்ணு இல்ல" என்றார் பேராசிரியர்.

தேர்வாளர் தம் மடிக்கணினியில் அந்தப் பதிவைத் தேடியெடுத்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேராசிரியரைப் பார்த்தார்.

"இதை இதுவரைக்கும் யாரும் ஆய்வகத்துல சோதிச்சதே இல்ல சார். நீங்க மாணவரா இருந்தப்ப எழுதின புரோகிராம் சொன்னதைத்தான் நாங்க அப்படியே ஏத்தி வச்சிருக்கோம்."