எண்ணெய்ப் பம்பில் ஓர் உருண்டை குறைவு

"கொழும்புக்கு வாறதெண்டா என்ர மோட்டார் சைக்கிளிலதான் வருவன்" என்று சோமசேகரம் சபதம் எடுத்த அன்று, அந்த மோட்டார் சைக்கிளின் எண்ணெய்ப் பம்பு பதினேழு துண்டாகச் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. மனுசனுக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சபதம் எடுத்தார்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு தைப்பொங்கல் நேரம் அது. மகளின் பிள்ளைப்பேறு பார்க்கவென்று கொழும்பு வெள்ளவத்தைக்குப் போன மனைவி கமலாதேவி, பேரப்பிள்ளை தவழத் தொடங்கிய பிறகும் திருகோணமலைக்குத் திரும்பவில்லை. பொங்கலுக்கு நாலே நாள் வந்திருந்தா. வந்ததும் புருசனைக் கூட்டிக்கொண்டு போகத்தான்.

"மகளின்ர அந்தப் புறாக்கூட்டு வீட்டுக்குள்ள நான் வரமாட்டன். வீட்டை ஆர் பாக்கிறது? பூட்டிக்கொண்டு போனா ஆரும் வந்து இருந்திடுவினம். இந்த உட்துறைமுக வீதியில எத்தினை வீடு அப்பிடிப் போச்சு?"

"ஒரு கிழமைக்கு வாங்கோவன். பிள்ளை உங்களைப் படத்திலதான் கண்டிருக்கு."

"வருவன். இது ஓடின உடன வருவன்."

"உந்தச் சைக்கிளில? கந்தளாய் தாண்டுமே?"

இந்த இடத்தில்தான் சபதம் வந்தது. முப்பத்தொரு வருசம் துறைமுக வேலைத்தளத்தில் இயந்திரம் கழற்றிப் பூட்டும் பிற்றராக இருந்த மனுசனிடம் அப்படிக் கேட்கலாமா?

எழுபத்துமூன்றாம் ஆண்டு யப்பான் வண்டி அது. பெற்றோல் ஒரு தாங்கியில், எண்ணெய் இன்னொரு தாங்கியில். பம்புதான் எண்ணெயை அளந்து எஞ்சினுக்கு ஊட்டும். பம்பு ஒழுகத் தொடங்கியதும் வண்டி நுளம்புக்குப் புகை போடுகிற வண்டியாகிவிட்டது. கழற்றினார். கழற்றி ஏழு மாதம். கமலாதேவி போய் எட்டு மாதம். கணக்கைப் பார்த்தால் உங்களுக்கே விளங்கும்.

ஆனால் அன்றைக்குக் கமலாதேவி சண்டை பிடிக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் இருந்தா. "சரி, சொல்லுங்கோ. இதில எது முக்கியமான சாமான்?" என்று கேட்டா.

கலியாணம் கட்டி முப்பத்துநாலு வருசத்தில் மனுசி இயந்திரத்தைப் பற்றிக் கேட்ட முதற் கேள்வி. சோமசேகரத்துக்குத் தலைகால் தெரியவில்லை.

"இது உந்துதண்டு. இது ஸ்பிரிங். இது" என்று சாவணத்தால் ஒரு துணுக்கைத் தூக்கிக் காட்டினார், "இதுதான் உருண்டை."

"கடுகு மாதிரிக் கிடக்கு."

"கடுகெண்டு நினையாதையும். எண்ணெய் முன்னுக்குப் போகும், பின்னுக்கு வரவிடாமல் மறிக்கிறது இவர்தான். இவர் இல்லாட்டி மிச்சம் பதினாறும் பழைய இரும்பு."

"வேற வாங்க ஏலாதே?"

"இந்த அளவில இலங்கை முழுக்கத் தேடினாலும் கிடையாது."

"அப்ப கவனமா வைக்கவேணும்" என்றா கமலாதேவி. புறப்படுகிற அன்று காலை மேசையைத் துடைத்து, துண்டுகளைத் தட்டில் அடுக்கி, வலைமூடியால் மூடிவைத்துவிட்டு பஸ் ஏறினா.

இரண்டாம் நாள் சோமசேகரம் எண்ணிப் பார்த்தார். பதினாறு. திரும்ப எண்ணினார். கண்ணாடியைத் துடைத்துப்போட்டு எண்ணினார். உருண்டையைக் காணவில்லை.

தேடாத இடமில்லை. குப்பைக்கூடையை அரிதட்டில் போட்டு அரித்தார். காந்தத்தை நூலில் கட்டி வீடு முழுக்க இழுத்துக்கொண்டு நடந்தார். ஊசி ஒன்றும், ஆணி இரண்டும், கமலாதேவியின் சீலை ஊக்கு ஒன்றும் அகப்பட்டன. ஊக்கைத் துடைத்துக் கண்ணாடி மேசையில் அவ வைக்கிற இடத்தில் வைத்தார். பிறகு நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பேனைகளை உடைத்து நுனிக் குண்டுகளை எடுத்துப் பார்த்தார். சின்னன். சைக்கிள் சில்லின் குண்டு பெரிது. பேனைகள் போனதுதான் மிச்சம், கடிதம் எழுதவும் ஒன்றில்லை.

உண்மையைச் சொன்னால் மனுசனுக்குத் தனிய இருக்க ஏலாமல் இருந்தது. ஆறு கதிரையில் ஐந்து சும்மா கிடந்தது. ஒரு ஆளுக்குச் சோறு போடும் அளவு எட்டு மாதமாகியும் கைக்கு வரவில்லை. ஒவ்வொரு நாளும் மிஞ்சியது. பின்னேரம் நாலு மணிக்கு இரண்டு கோப்பை எடுத்துவைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப அலுமாரியில் வைப்பார். கதைக்க ஆளில்லாமல் பம்போடு கதைத்தார். இப்போது அதுவும் வாய் திறந்தபடி கிடந்தது.

சந்திக் கடை ஜமால்தீன்தான் ஒரே ஆறுதல். அவருடைய கடையில் தொலைபேசி இருந்தது.

"இதுக்குப் போய் ஏனண்ணே மண்டையை உடைக்கிறீங்க? பம்பைக் கழட்டி எறிஞ்சிட்டு, எண்ணெயைப் பெற்றோலுக்குள்ள கலந்து ஊத்தினா வண்டி ஓடும்தானே."

"அப்பிடி ஓடுறதுக்கு நான் ஏன் பிற்றர்? பம்பு வச்ச வண்டி பம்பிலதான் ஓடவேணும். வெள்ளவத்தைக்குக் கோல் எடுத்துத் தாரும்."

கமலாதேவி எடுத்தா.

"கமலா, அந்தக் குண்டைக் கண்டனீரே? மேசையில இருந்த குண்டு..."

ஜமால்தீன் பாய்ந்து வந்து தொலைபேசியைப் பொத்தினார். கடைக்கு வெளியே காவலரணில் நின்ற ஆமிக்காரன் உள்ளே பார்த்தான். "போன்ல அந்தச் சொல்லச் சொல்லாதீங்க அண்ணே. உங்களோட சேர்த்து என்னையும் ஏத்திக்கிட்டுப் போயிருவானுகள்."

சோமசேகரம் குரலைத் தாழ்த்தினார். "அந்த உருண்டை. கடுகு மாதிரி."

"ஐயோ, துலைஞ்சு போச்சே?" என்றா கமலாதேவி. குரலில் அவ்வளவு கவலை. "இஞ்ச பஞ்சிகாவத்தையில உதிரிச் சாமான் கடையெல்லாம் இருக்குதாம்."

"மருமகனை ஒருக்கா அனுப்பிப் பாரும்."

"அவருக்கு அளவு தெரியுமே? நீங்கள் பம்பையும் கொண்டு வந்து பாத்து வாங்குங்கோ. ஒரே நாள் வேலை."

ஒரே நாள் வேலை. இலங்கை முழுக்கக் கிடையாது என்று தானே சொன்னதை மறந்துபோனார். சாமான் வாங்கப் போவது வேறு, மருமகன் வீட்டுக்குப் போவது வேறு. சபதம் இதைத் தொடாது என்று சோமசேகரம் தனக்குத் தானே தீர்ப்புச் சொன்னார். வீட்டைப் பூட்டித் திறப்பை ஜமால்தீனிடம் கொடுத்து, பின்னேரத்தில் லைட் போட்டு வீட்டில் ஆள் இருப்பதாகக் காட்டச் சொன்னார்.

"ரெண்டு கிழமைக்கும் நான் பாத்துக்கிறன், போங்க" என்றார் ஜமால்தீன்.

"ஒரு நாள்தான்."

"ஓம் ஓம், ஒரு நாள்தான்."

பம்பைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினார். ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறக்கினார்கள், ஒவ்வொன்றிலும் பொதியை அவிழ்த்தார்கள், ஒவ்வொன்றிலும் எண்ணெய்ப் பம்பைப் பற்றி விளக்கினார். மறுபடி கேட்க ஆள் கிடைத்த சந்தோசத்தில் ஓர் இடத்தில் கொஞ்சம் நீளமாகவே விளக்கிவிட்டார். பஸ்ஸில் இருந்தவர்கள் ஏசினார்கள்.

கமலாதேவி கதவைத் திறந்தா. ஆச்சரியப்படவில்லை. "குளிச்சிட்டு வாங்கோ, இடியப்பம் ஆறப்போகுது" என்றா.

"நான் உருண்டை வாங்கத்தான் வந்தனான்."

"ஓம், தெரியும்."

பேரன் தவழ்ந்து வந்து அவர் சாரத்தைப் பிடித்து எழும்பி நின்றான். பஞ்சிகாவத்தைக்கு நாளைக்குப் போகலாம் என்று சோமசேகரம் நினைத்தார். அந்த நாளைக்கு வர பதின்மூன்று நாள் எடுத்தது. புறாக்கூடுதான், கால் நீட்ட இடமில்லை; ஆனால் மிஞ்சின சோறு ஒரு பருக்கை இல்லை.

பதின்மூன்றாம் நாள் வீட்டு நினைவு வந்தது. "இண்டைக்குக் கடைக்குப் போட்டு நாளைக்கு வெளிக்கிடப்போறன்."

கமலாதேவி கைப்பையைத் திறந்து ஒரு நெருப்புப்பெட்டியை நீட்டினா. உள்ளே பஞ்சு. பஞ்சுக்குள் உருண்டை.

அவர் உருண்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எப்ப எடுத்தனீர்?"

"மேசை துடைக்கேக்க. கவனமா வைக்கவேணும் எண்டு சொன்னனான்தானே."

"நான் வீடெல்லாம் காந்தம் இழுத்தனான், கமலா. கேட்டிருந்தா வந்திருப்பன்தானே."

"எட்டு மாசமாக் கேட்டனான்" என்றா அவ. சத்தமாகச் சொல்லவில்லை. "எனக்கும் இஞ்ச கதைக்க ஆளில்லை. இவையள் ரெண்டு பேரும் விடிய வேலைக்குப் போனால் பொழுதுபட்டாத்தான் வருவினம்."

அவர் பொதியைக் கட்டத் தொடங்கியதும், "விடுங்கோ, நான் கட்டித் தாறன்" என்று வாங்கிக்கொண்டா.

ஊருக்கு வந்து, திறப்பை வாங்கி, நேரே மேசைக்குப் போனார். உருண்டையை அதன் குழியில் சாவணத்தால் வைத்தார். கச்சிதம். முப்பத்தொரு வருச அனுபவம் என்றால் சும்மாவா? இனி ஸ்பிரிங்கைப் போட்டு இறுக்கினால் முடிந்தது. ஸ்பிரிங்கைத் தேடிப் பேப்பரை முழுக்க விரித்தார். உதறினார். பொதியைத் தலைகீழாகக் கவிழ்த்தார். பதினைந்து துண்டும், குழிக்குள் உருண்டையும். ஸ்பிரிங் இல்லை.

காந்தத்தைத் தேடி எழும்பியவர், அப்படியே இருந்துவிட்டார். கோபம் வந்தது. அது தங்கி நிற்கவில்லை.

வாசலில் ஜமால்தீன் வந்து நின்றார்.

"அண்ணே, அக்கா இப்பதான் கடைக்குப் போன் எடுத்தா. நான் திறப்பைத் திருப்பி உங்களட்டக் குடுத்தது பிழையாம். அடுத்த மாசம் அஞ்சாந் தேதிக்கு உங்களுக்குக் கொழும்பு பஸ்ஸில சீற் சொல்லியாச்சாம்."