லிஃப்ட்டில் யாரும் இருக்க முடியாது

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. நானும் அவரும் மகளும் நலம். உங்கள் நலத்தையும், அண்ணியின் முதுகுவலி குறைந்ததா என்பதையும் எழுதவும்.

“ஒரு வரி மன்னிப்பு எழுதிக் குடுத்துட்டுப் போயேன்” என்று போனில் சொன்னீர்கள். மாட்டேன். திங்கட்கிழமைக்குள் எழுதித் தராவிட்டால் ஊருக்கு வெளியே உள்ள கிடங்குக்கு மாற்றம் என்கிறார் மேலாளர். மாற்றட்டும். நடந்ததைக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

போன மாதம் அவர் ஒரு சுற்றறிக்கை விட்டார். சுற்றுச்சூழலைக் காக்க எல்லோரும் படியில்தான் ஏறி இறங்க வேண்டும், காகிதக் கோப்பை கூடாது, மாலை ஐந்தரைக்குக் கடைசியாகக் கிளம்புகிறவர் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். கையெழுத்துப் போட்ட கையோடு காகிதக் கோப்பையில் காபி வாங்கிக்கொண்டு லிஃப்ட்டில் ஐந்தாம் மாடிக்குப் போனார், அதைப் பார்த்துக் காசாளரும் ஏறினார், டைப்பிஸ்ட் அக்காவும் ஏறினார், ஒரே வாரத்தில் சுற்றறிக்கை ஒட்டிய சுவரோரமே லிஃப்ட்டுக்கு வரிசை நின்றது, அதை மதித்தவள் நான் ஒருத்திதான், ஒரு நாள்கூட லிஃப்ட்டில் கால் வைக்கவில்லை, வியாழக்கிழமை ஐந்தரைக்கு ஆளரவம் இல்லை, சுவிட்சை அணைத்தேன், லிஃப்ட்டும் அதில்தான் ஓடுகிறது, உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கவில்லை, எதுக்குப் பார்க்கணும், படியில்தான் போகணும்னு எழுதினவரே அவர்தானே!

தலைக்கு மேலிருந்து குரல் வந்தது.

“யாரும்மா அங்க? கரன்ட் என்னாச்சு?”

“சார், நீங்களா? நீங்க எப்படி சார் லிஃப்ட்ல?”

“மொதல்ல சுவிட்சைப் போடும்மா!”

“அஞ்சரை ஆயிடுச்சே சார். மூணாவது வரியில நீங்களே...”

“அம்மா, தாயே!”

போட்டேன். பத்தே நிமிஷம். அதற்கா மன்னிப்பு? “சொன்னதைச் செஞ்சது தப்புன்னா, சொன்னவர்தான் மொதல்ல எழுதித் தரணும் சார்” என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன்.

அண்ணிக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். கிடங்கே ஆனாலும் தலை நிமிர்ந்து போவேன்.

இப்படிக்கு,
வளைந்து கொடுக்காத உங்கள் தங்கை

பி.கு.: கடிதத்தை ஒட்டும் முன் இன்று நடந்தது. மேலாளர் கையில் சொந்த டம்ளருடன் ஐந்து மாடியும் படியேறினார். சட்டை முழுக்க வியர்வை. பின்னாலேயே காசாளர், டைப்பிஸ்ட் அக்கா. மத்தியானம் குப்பைக்கூடையில் ஒரு காகிதக் கோப்பைகூட இல்லை. எனக்கே ஒரு மாதிரி ஆகி, மன்னிப்பை எழுதிக் கொடுத்துவிட்டேன். வாங்கிக்கொண்டு, “நீங்க சொன்னது சரிதாம்மா. இனிமே எல்லாருக்கும் நீங்கதான் முன்மாதிரி. திங்கட்கிழமையிலேர்ந்து மேல என் பக்கத்து ரூமுக்கு வந்துடுங்க” என்றார். அண்ணா, என் பதிவேட்டு அறை இத்தனை நாளும் தரைத்தளத்தில்தான் இருந்தது. மேலே எழுத விட்டுப்போயிற்று. என் முழங்கால் சங்கதி உங்களுக்குத் தெரியும். அந்தக் கிடங்குக்கு மாடியே கிடையாதாம். மாற்றத்துக்கு யாரைப் பிடிக்கணும் என்று விசாரித்து உடனே எழுதவும்.