போயிட்டு வரேன்

காலையில் அவள் கிளம்பும்போது வீட்டம்மா எந்த இடத்தில் நின்றாரோ, சாயங்காலம் திரும்பும்போதும் அங்கேயேதான் நின்றார். கை கதவுப்பிடியில். மேலே கோட்டு. மூக்கு குளிரில் சிவந்து போயிருந்தது.

"வந்துட்டியா?"

"வந்துட்டேன்."

"காலையில ஏன் வரல?"

"காலையில எதுக்கு வரணும்?"

"நீதானே சொன்னே, போயிட்டு வரேன்னு? எதையோ மறந்துட்டே, உடனே எடுக்க வருவேன்னு கதவைத் திறந்து வச்சிக்கிட்டே நின்னேன். வீடு முழுக்க காத்து. கடைக்கும் லேட்டு. இப்ப பஸ் சத்தம் கேட்டுச்சு, இந்த பஸ்லயாவது வர்றியான்னு பார்க்க நின்னேன்."

வக்கீலுக்குச் சுருக்கென்றது.

வக்கீல் என்பது அண்ணன் வைத்த பெயர். அவள் கடல் தாண்டிப் படிக்க வந்தது என்னவோ மண்ணைப் பற்றி. எந்த மண்ணில் உப்பு, எந்த மண்ணில் சுண்ணாம்பு என்று. பெயர் வந்தது வாயால். அம்மாவுக்கு இஸ்திரி வண்டி, அண்ணனுக்கு லோடு ஆட்டோ. அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். பள்ளிக்கூடத்து குமாஸ்தாவில் தொடங்கி ஒவ்வொரு படியிலும் ஒருவரோடு மல்லுக்கட்டித்தான் மேலே ஏறியிருந்தாள்.

அந்த வாயை இந்த ஊரில் அடக்கி வைத்திருந்தவர் குடைக்காரம்மா. வெளியூர் மாணவர்களைக் குடும்பங்களோடு தங்க வைக்கும் கல்லூரி அலுவலர். வெயிலிலும் குடையோடுதான் நடப்பார். முதல் நாள் அவளைக் கொண்டுவந்து விட்டபோதே, வாசலில் நின்றபடி எல்லோரையும் பொதுவாகப் பார்த்துச் சொல்லிவிட்டார்: "ஒரு மாசம் சோதனை. மாசக் கடைசியில நானே வந்து கேட்பேன். சரிப்பட்டு வரலைன்னா மாத்திடுவோம்."

துணிக்கடையில் சாயம் போகும் சட்டையை மாற்றுகிற மாதிரி என்று அவள் எடுத்துக்கொண்டாள். இவளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு பெண்ணை வாங்கிக்கொள்வார்கள். வீடு கிடைக்காதவளுக்கு உதவித்தொகை ஏது, படிப்பு ஏது? நேராக ஊர்தான். அங்கே அம்மா ஒவ்வொரு சட்டையை மடிக்கும்போதும் ஒரு தடவை மகளின் வெளிநாட்டுப் படிப்பைச் சொல்லி மடித்துக்கொண்டிருந்தாள். அந்தத் தெருவில் போய் எந்த முகத்தோடு இறங்குவது?

ஆகவே வக்கீல் பல்லைக் கடித்துக்கொண்டு, அவர்கள் மொழியில் தனக்குத் தெரிந்த சொற்களைப் பொறுக்கி விளக்கினாள்.

"எங்க பேச்சுல 'போறேன்'னு சொல்லக் கூடாதுங்க. 'போயிட்டு வரேன்'னுதான் சொல்லணும்."

"சொன்னா என்ன ஆகும்?"

சகுனம் என்பதற்கு அந்த மொழியில் என்ன சொல் என்று அவளுக்குத் தெரியாது. "போறேன்னு சொல்றவங்க திரும்பி வர மாட்டாங்க."

"எங்க போயிடுவாங்க?"

வக்கீல் விரலை மேலே காட்டினாள்.

"மாடிக்கா?"

"அதுக்கும் மேல."

வீட்டம்மாவின் சிவந்த மூக்கு வெளுத்துவிட்டது. "புரிஞ்சிடுச்சு" என்றார். புரியாமலே இருந்திருக்கலாம்.

மறுநாள் சாப்பாட்டு மேசையில் இருந்து வீட்டுக்காரர் எழுந்தார். லிஃப்ட் மெக்கானிக். ஒரு நாளில் அவர் பேசுவதை ஒரு கையில் எண்ணிவிடலாம். தொண்டையைச் செருமிக்கொண்டு, பதவிப் பிரமாணம் எடுப்பவர் மாதிரி நிமிர்ந்து நின்று அவளைப் பார்த்தார்.

"போயிட்டு வரேன்."

போனார். கழிவறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, "வந்துட்டேன்" என்று சொல்லி உட்கார்ந்தார்.

அதன்பிறகு அந்த வீட்டில் யாரும் சும்மா நகரவில்லை. குப்பை கொட்ட ஒரு போயிட்டு வரேன். அடுப்பை அணைக்க ஒரு போயிட்டு வரேன். வீட்டம்மா மேசைக்கு அடியில் விழுந்த கரண்டியை எடுக்கக் குனியும்போதுகூட ஒரு தடவை சொல்லிவிட்டுத்தான் குனிந்தார்.

வக்கீல் அம்மாவுக்குப் போன் போட்டாள். "என்னை நக்கல் பண்றாங்கம்மா. வீட்டுக்காரர் கக்கூஸ் போறதுக்குக்கூட என்கிட்ட சொல்லிட்டுப் போறாரு."

அந்தப் பக்கம் போன் கை மாறியது. பிறகு அண்ணனின் குரல் வந்தது.

"எந்த வீட்டுக்காரர்டி? எங்களுக்குத் தெரியாம எப்படி கல்யாணம் ஆச்சு?"

"டேய் லூசு, நான் தங்கியிருக்கிற வீட்டுக்காரர்டா."

"அதை முதல்ல சொல்லித் தொலைய மாட்டியா? அம்மா வண்டியைப் பிடிச்சிக்கிட்டு அப்படியே உட்கார்ந்துட்டாங்க."

அம்மா போனை வாங்கினாள். "வாயை மூடிக்கிட்டு இரும்மா. ஒரு மாசம்தானே? அவங்க முகம் கோணாம நடந்துக்க."

சரி, பேசினால்தானே வம்பு? மறுநாளில் இருந்து அவள் வாயே திறக்கவில்லை. காலையில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பூனை மாதிரி படியிறங்கி, சொல்லாமல் கொள்ளாமல் தெருவுக்கு வந்துவிடுவாள்.

அன்று சாயங்காலமே அவள் அறை வாசலில் புதிதாக ஒரு ஜோடி கம்பளிச் சாக்ஸ் இருந்தது. வக்கீல் அதைத் தூக்கிப் பார்த்தாள். தடிப்பானது. காலடிச் சத்தம் கேட்கிறதாம்! வாயால் சொன்னால் குறைந்தா போய்விடுவார்கள்?

அதற்கடுத்த நாள் வீட்டுக்காரர் எண்ணெய்க் குப்பியோடு வந்து, அவள் அறைக் கதவின் கீலுக்கெல்லாம் எண்ணெய் விட்டுத் திறந்து திறந்து சாத்திப் பார்த்தார். கதவை அடித்துச் சாத்துகிறாளாம்!

பிறகு வீட்டம்மா தாம் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் இருந்து கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணிகள் ஒரு கட்டு கொண்டுவந்து வைத்தார். வக்கீல் கண்ணாடியே போடுகிறவள் இல்லை. வெகுநேரம் யோசித்தாள். மூக்கைச் சிந்துகிறாள் என்கிறார்கள் போலிருக்கிறது.

இத்தனையும் பொறுத்துக்கொண்டாள். ஆனால் மாதக் கடைசி நெருங்கிய ஒரு சாயங்காலம், தண்ணீர் எடுக்க வந்தவளுக்குச் சமையலறைக்குள் இருந்து வீட்டம்மாவின் குரல் கேட்டது.

"என்னால முடியலீங்க. எது செஞ்சாலும் மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிறா. முன்ன ரெண்டும் இப்படித்தான் ஆச்சு."

"இந்த மாசத்தை ஓட்டிடுவோம்" என்றார் வீட்டுக்காரர். அன்றைய கணக்குக்கு அவர் பேசியது அவ்வளவுதான்.

ஓட்டுகிறார்களாம். வயிற்று வலியை ஓட்டுகிற மாதிரி, வாடகைக்கு வந்த சனியனை ஓட்டுகிற மாதிரி. இவளுக்கு முன்னால் இரண்டு பெண்களை மாற்றியும் இருக்கிறார்கள்! வக்கீல் தண்ணீர் குடிக்காமலே அறைக்குத் திரும்பினாள். கதவை அடித்துச் சாத்தலாம் என்று பார்த்தால், எண்ணெய் போட்ட கதவு ஒரு முனகல்கூட இல்லாமல் போய் மூடிக்கொண்டது. அந்த ஆத்திரமும் சேர்ந்துகொண்டது.

மறுநாள் காலை அவள் பூனை மாதிரி இறங்கவில்லை. தடதடவென்று இறங்கினாள். இரண்டு பேரும் வாசலில் தயாராக நின்றார்கள்.

"போயிட்டு வர்றியா?" என்றார் வீட்டம்மா. முகத்தில் அப்படியொரு சிரிப்பு.

"இல்லைங்க" என்றாள் வக்கீல். "போறேன்."

தெருமுனை வரை வீறாப்பாகத்தான் நடந்தாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் நாக்கு சுட்ட மாதிரி இருந்தது. பட்டம் வாங்கியவள், சகுனம் பார்க்கிறவர்களை நிற்க வைத்துக் கேள்வி கேட்டவள். இருந்தாலும் ஜன்னல் பக்கம் திரும்பி, "போயிட்டு வரேன், போயிட்டு வரேன்" என்று முணுமுணுத்தாள். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

மத்தியானம் ஆய்வகத்தில் மண்ணைச் சலித்துக்கொண்டிருந்தபோது, கதவுக் கண்ணாடியில் ஒரு முகம் ஒட்டியது. கிரீஸ் படிந்த சட்டையும் தோளில் கருவிப் பையுமாக வீட்டுக்காரர். அவளைத் தலை முதல் கால் வரை பார்த்தார். நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டார். போய்விட்டார்.

உளவு பார்க்க வந்திருக்கிறார் என்று வக்கீல் முடிவு கட்டினாள்.

சாயங்காலம் கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது குடை. மூலையில் சாத்தியிருந்தது. குடைக்காரம்மா நடு நாற்காலியில். வீட்டம்மாவின் கண்கள் வீங்கியிருந்தன. வீட்டுக்காரர் தொப்பியைக் கையில் பிசைந்தபடி சுவரோடு சுவராக நின்றார். யாரும் உட்காரச் சொல்லவில்லை. ஆக, தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

அம்மாவின் இஸ்திரி வண்டி கண்ணில் வந்து நின்றது. அடுத்த கணம் அதற்கும் மேல் கோபம் வந்தது.

"யாரும் எதுவும் சொல்ல வேணாம்" என்றாள் வக்கீல். "நானே பெட்டியைக் கட்டிக்கிறேன். ஆனா நாலு வார்த்தை பேசிட்டுத்தான் கட்டுவேன்."

"இரும்மா, நான் எதுக்கு வந்தேன்னா..." என்று ஆரம்பித்தார் குடைக்காரம்மா.

"எதுக்குன்னு தெரியும். சாக்ஸ் வச்சீங்க, புரிஞ்சிது. கதவுக்கு எண்ணெய் விட்டீங்க, அதுவும் புரிஞ்சிது. நான் பேசினதையே திருப்பித் திருப்பிச் சொல்லி நக்கல் பண்ணீங்க, அதையும் பொறுத்துக்கிட்டேன். பொறந்ததில இருந்து யாராவது ஒருத்தர் எனக்கு மார்க் போட்டுக்கிட்டேதான் இருக்காங்க. உங்கம்மா என்ன வேலைன்னு கேட்பாங்க, மார்க்கைக் குறைப்பாங்க. வாய் நீளம்பாங்க, குறைப்பாங்க. கடல் தாண்டி வந்தா இங்கயும் அதேதான். கதவைச் சாத்துறதுக்கு மார்க்கு, நடக்கிறதுக்கு மார்க்கு, மூக்கைச் சிந்துறதுக்கு மார்க்கு! நான் மனுஷிங்க. பரீட்சைப் பேப்பர் இல்ல."



வீட்டம்மா விசும்பினார். கணவர் பக்கம் திரும்பி, "பார்த்தீங்களா? அந்தச் சாக்ஸ் நிறம் அவளுக்குப் பிடிக்காதுன்னு நான் அப்பவே சொன்னேன்" என்றார்.

வீட்டுக்காரர் ஓரடி முன்னால் வந்தார். "எண்ணெய் வேணாம்னா தொடச்சிடறேம்மா. பழையபடி கிறீச்னு சத்தம் வர்ற மாதிரி பண்ணிடறேன்."

வக்கீலுக்கு வாய் திறந்தது, வார்த்தை வரவில்லை. அவள் வாழ்க்கையில் இது முதல் தடவை.

குடைக்காரம்மா மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, தப்பான வகுப்பில் வந்து உட்கார்ந்துவிட்ட பிள்ளையிடம் பேசுகிற மாதிரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"ஏம்மா, சோதனை மாசம் உனக்குன்னு யார் சொன்னது? பாவம், ரெண்டு பொண்ணுங்க வேணாம்னு சொல்லிட்டுப் போயி, மூணாவது தடவையா பரீட்சை எழுதிக்கிட்டு நிக்கிறாங்க. மார்க் போட வேண்டியவ நீ, சொல்லு, இவங்க பாஸா, ஃபெயிலா?"